கடைசித் தலைப்புக்குக் கீழே

"திருடினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சொல்லிட்டு உன் வேலையைப் பாரு" என்றார் சம்பத்.

"திருடல சார். எதுக்குச் சொல்லணும்?" என்றாள் பிரேமலதா.

திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது சம்பத்தின் வெப்சைட் கம்பெனி. தெருவுக்கு ஒருவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த 2003. எம்.சி.ஏ. முடித்து பிரேமலதா சேர்ந்த முதல் வேலை அது.

போன வாரம் லாட்ஜுக்காக அவள் செய்த வெப்சைட்டின் இடதுபக்க மெனுதான் இப்போது வம்பு. 'அறைகள்' என்பதை அழுத்தினால், அதன் கீழே ஏசி, சாதா, குடும்ப அறை என்று விரியும். மறுபடி அழுத்தினால் எல்லாம் உள்ளே போய்விடும். லாட்ஜ் முதலாளி அதைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, காப்பி ஆறும்வரை விளையாடிக்கொண்டிருந்தார்.

சம்பத்துக்குப் பெருமை தாங்கவில்லை. டல்லாஸில் இருக்கும் சிரஞ்சீவிக்கு, பார்த்துவிட்டுச் சொல் என்று மெயில் போட்டார். சிரஞ்சீவி முன்பு இதே கம்பெனியில் இருந்தவன். கல்லூரியில் பிரேமலதாவுக்கு சீனியர். அவன் விமானம் ஏறிய அன்று எடுத்த போட்டோ இன்னும் சம்பத்தின் தலைக்கு மேல் மாட்டியிருந்தது.

பதில் உடனே வந்தது. 'சார், இந்த மெனு நான் இங்கே எங்க கம்பெனிக்கு எழுதினது. யாரோ அப்படியே எடுத்திருக்காங்க.'

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டேன். அதே மாதிரி விரியுது, அதே மாதிரி மூடுது" என்றார் சம்பத். "காலேஜ் லேப்ல அவன் வெச்சிட்டுப் போனதை நீ எடுத்துக்கினு வந்துட்டே. அவ்ளோதானே?"

"லேப்ல இருந்தது வாஸ்தவம் சார். எழுதினது நானு."

"ஏமம்மா, ரெண்டு வார்த்தை சேந்தாப்ல இங்கிலீஷ் வராது உனக்கு. நீ எழுதினதை டல்லாஸ்காரன் எடுத்து மாட்டிக்கினானா?" சம்பத் சிரித்தார். "உங்க நைனா முனிசாமி கைகட்டிக்கினு வந்து நின்னாரேன்னு வேலை குடுத்தேன். வெதுருகுப்பத்துல வெல்லக் கொட்டாய்ல அடுப்புக்குச் சக்கை தள்ற ஆளு. அந்த மனுஷன் மூஞ்சிக்காவது..."

"எங்க நைனாவை இதுல இழுக்காதீங்க." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "அவரு கைகட்டி நின்னது உங்க பெருமைக்கு இல்ல சார். வேற மாதிரி நிக்க அவரை யாரும் வுடல."

சம்பத்தின் முகம் கறுத்தது. ஸ்பீக்கர் போனை அவள் பக்கம் நகர்த்தி சிரஞ்சீவியின் எண்ணை அழுத்தினார்.

"மன்னிப்பு கேளு. இல்லியா, பையை எடுத்துக்கினு இப்பவே கெளம்பு."

கிளம்பினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வெல்லக் கொட்டாயில் இன்னோர் ஆளுக்கு எப்போதும் வேலை இருந்தது.

"பாவுன்னாரா சார்?" போனில் சிரஞ்சீவியின் குரல் கணீரென்று வந்தது.

"நல்லா கீறேன்பா. அந்தப் பொண்ணு இங்கதான் நிக்குது. மன்னிப்பு கேக்கப் போவுது."

"ஐயோ, வுடுங்க சார். பாவம், காலனிப் பொண்ணு. காப்பி அடிக்காம எப்படிப் பாஸ் ஆவும்? இங்க எங்க மேனேஜருங்க இந்த மெனுவைப் பாத்துட்டு எழுந்து நின்னு கை தட்டினாங்க. அதான் எனக்கு மனசு கேக்கல."

பிரேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டு சம்பத்தின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டல்லாஸ் கம்பெனியின் பக்கம் அதில் திறந்தே இருந்தது.

"கேக்கறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பாத்துக்கறேன்" என்றவள், போனைப் பார்த்துப் பேசினாள். "அண்ணா, இந்த மெனு மொத்தமும் நீங்க எழுதினதுதானே?"

"மொத்தமும். ஒவ்வொரு வரியும்."

"வேற யாரு கையும் படல?"

"அதான் சொல்றேன் இல்ல?"

முதல் தலைப்பை அழுத்தினாள். விரிந்தது. மறுபடி அழுத்தினாள். மூடிக்கொண்டது. அடுத்தது, அதற்கடுத்தது என்று இறங்கிக்கொண்டே வந்தாள். 'தொடர்புக்கு' என்பதுதான் கடைசித் தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

"முடிஞ்சுதா? கேளு" என்றார் சம்பத்.

அவள் அந்த வெள்ளையில் மவுஸை வைத்து அழுத்தினாள்.

விரிந்தது.

சம்பத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, வாய்விட்டே படித்தார்.

"வெதுருகுப்பம் காலனி... நைனா முனிசாமி... அம்மா கங்கம்மாள்... எருமை ரோசா..."



"மொதமொதல்ல தெறந்து மூடிப் பாக்கறப்ப நான் போட்ட பேருங்க சார். லேப்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. அழிக்க மனசு வரல, கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சேன்" என்ற பிரேமலதா, போன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எங்க நைனா டல்லாஸ்ல எப்போ வேலைக்குச் சேந்தாரு?"