நிகழ்ச்சி நிரல்

ஹுன்னஸ்கிரிய பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் நிவாரணப் பணியாளர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி. கண்டியிலிருந்து வந்த பயிற்றுநர் பிரதீஸ் கேட்டார்:

"மண்சரிவு வந்தா சனங்களுக்கு முதல்ல என்ன தேவை?"

"தங்க இடம்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

வாசலில் ஒரு பெண் நனைந்தபடி நின்றாள். "சார், எப்ப முடியும்?"

"லேட்டா வந்துட்டு அவசரப்படலாமா, தங்கச்சி? தலைவருக்குப் பொறுமை வேணும். வந்து பேரைப் பதியுங்க."

"போன கிழமையே பதிஞ்சிட்டாங்க, சார்."

"எந்த லிஸ்ட்ல?"

"வீடு இழந்தவங்க லிஸ்ட்ல. இந்த மண்டபத்துலதான் தங்கியிருக்கோம். உங்க பயிற்சிக்காகக் காலையில வெளிய அனுப்பிட்டாங்க. நாப்பது பேரும் மழையில நிக்கிறோம்."

பிரதீஸ் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார்.

"'மக்கள் சொல்வதைக் கேட்டல்' பின்னேரம்தான் இருக்கு, தங்கச்சி. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க."