இசட் நாற்பதில் ஒரு பதில்

"நம்பர்" என்றது குரல்.

ராவிரிக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசையைத் தட்டிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போனான். திரும்ப இசட் நாற்பது என்ற அதே கட்டத்துக்கு வந்தான். "நம்பர்" என்றது மறுபடியும், துளி உணர்ச்சி இல்லாமல்.

பிறவியிலேயே பார்வை இல்லாத ராவிரி, டுனீடின் பஸ் டிப்போ ஒன்றில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவன். ஷீட்டில் அவன் கட்டம் கட்டமாக நகர, கட்டத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டரின் குரல் படித்துச் சொல்லும். ஒன்றும் இல்லையென்றால் "காலி" என்று சொல்லும். பாதி நாள் "காலி, காலி" என்று கேட்டே அவனுக்குப் பொழுது போய்விடும்.

அதே ஷீட்டை ஊரின் மறுகோடி டிப்போவில் உட்கார்ந்து ஐல்ஸாவும் நிரப்புவாள். டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். புள்ளி, கமா விஷயத்தில் மகா கறார். இது பற்றி ஆபீஸ் போனில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

"மேடம், செயிண்ட்டைச் சுருக்கி எஸ், டி-ன்னு போடுறதோட விட்டுடுங்க. பின்னால நீங்க ஒரு புள்ளி வெச்சா என் மெஷின் அதை ஸ்ட்ரீட்டுன்னு படிக்குது. செயிண்ட் கிளேர் போற பஸ் எல்லாம் எனக்கு ஸ்ட்ரீட் கிளேர் போகுது."

"உங்க மெஷினுக்குப் படிப்பு பத்தலைன்னா நான் என்னங்க பண்றது? புள்ளி வெக்காம விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

அந்தச் சண்டையில்தான் ராவிரி விழுந்தான். அதற்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு புள்ளியும் அவனுக்குச் செல்லமாகிவிட்டது. ஸ்ட்ரீட் கிளேர் என்று கேட்டாலே தானாகச் சிரிப்பு வரும்.

அவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று மாதக்கணக்கில் தவித்தான். ஆபீஸ் போனில் கேட்கலாம் என்றால் பக்கத்து மேஜையில் கோலின். அவன் காதில் விழுந்தால், டீ வேளைக்குள் எல்லா பஸ்ஸிலும் அதுதான் பேச்சு. அவள் சொந்த நம்பரைக் கேட்கவோ தைரியம் இல்லை.

கடைசியில் ஷீட்டிலேயே, யாரும் எட்டிப் பார்க்காத வலது மூலையில், இசட் முப்பத்தொன்பதில் தட்டிவிட்டான்: "சனிக்கிழமை என்னோடு சாப்பிட வருகிறீர்களா?" மறுநாள் காலை அதற்குக் கீழ்க் கட்டத்தில் பதில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்பர்."

அவளே நம்பர் கேட்கிறாள்! இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன வேண்டும்? இசட் நாற்பத்தொன்றில் தன் செல்போன் எண்ணைப் போட்டு, "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அவசரமே இல்லை" என்றும் சேர்த்தான்.

"என்னய்யா, தனியா சிரிச்சிக்கிட்டிருக்கே?" என்றான் கோலின்.

"பஸ்ஸெல்லாம் டயத்துக்கு ஓடுது."

"நம்ம டிப்போவிலயா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்போன் அடித்தது. ஐல்ஸாதான்.

"ஏங்க, ஒத்தை வார்த்தையில வெடுக்குனு பதில் போட்டேனே, உங்களுக்குக் கோவமே வரலையா?"

"கோவமா? அந்த ஒத்தை வார்த்தைக்காகத்தாங்க நான் இத்தனை மாசமா காத்துக்கிட்டிருந்தேன்!"

மறுமுனையில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லைங்க. வேற யாராவதா இருந்தா இந்நேரம் மூஞ்சைத் தூக்கி வெச்சிருப்பாங்க. சரி, நாளைக்கு ஆறு மணி. செயிண்ட் கிளேர் கடற்கரை."

"ஸ்ட்ரீட் கிளேர்தானே?"

"அடி விழும்."

சனிக்கிழமை காற்று ஆளையே தள்ளியது. இரண்டு பேரும் கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வறுத்த மீனும் சிப்ஸும் சாப்பிட்டார்கள். வினிகர் போதாது என்று அவள் திரும்பக் கடைக்கு ஓடினாள். ராவிரி கோலினைப் போலவே பேசிக் காட்டியதும் அவளுக்குப் புரையேறியது. பொட்டலம் பாதி காலியாவதற்குள், அடுத்த சனிக்கிழமையும் இதே பெஞ்ச் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ராவிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனசில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டான்.

"ஐல்ஸா, நான் கேட்டதுக்கு நீங்களே முந்திக்கிட்டு நம்பர் கேட்டீங்க பாருங்க, அதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"நானா? நான் எப்போ உங்க நம்பரைக் கேட்டேன்?"

"இசட் நாற்பதுல. மெஷின் எனக்குப் படிச்சுக் காட்டிச்சே. ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம் கேட்டேன். 'நம்பர்'னு போட்டிருந்தீங்களே!"

மடியில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கடற்பறவை சிப்ஸைக் கவ்விக்கொண்டு போனது. ஐல்ஸா அதை விரட்டக்கூட இல்லை. அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ராவிரி... நான் போட்டது 'என்', 'ஓ', பின்னால ஒரு புள்ளி. அது 'நோ'ங்க!"