நசுங்காத எலுமிச்சம்பழம்

கோயில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பழைய கார்தான், ஆனால் தங்கவேலுவுக்கு அன்றுதான் சொந்தமானது. பூஜை முடிந்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

ஒரு முன்சக்கரத்தடியில் இருந்த பழம் மேலே பார்த்தது. "உன் சக்கரம் கோணலாக நிற்கிறதே?"

"மெல்லப் பேசு," என்றது கார். "போன வருஷம் லாரியில் மோதினேன். வளைந்ததை இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டார்கள்."

"ஏர்பேக்?"

"அன்றே வெடித்துவிட்டது. மூடி மட்டும் புதுசு. உள்ளே ஒன்றும் கிடையாது."

"வாங்கியவர்களிடம் சொல்லித் தொலையேன்."

"கேட்டால்தானே? நம்பரைக் கூட்டிப் பார்த்தார்கள். இந்தக் கலர் ராசிக்கு ஆகுமா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்."

கார் கிளம்பியது. மூன்று பழங்கள் நசுங்கின. கோணல் சக்கரம் தள்ளியதில் இந்தப் பழம் மட்டும் தப்பி உருண்டது.

"நசுங்கலையே," என்றான் தங்கவேலு.

அவன் மனைவி மேகலா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி நமக்குன்னு விட்டு வச்சதுங்க. உள்ளயே இருக்கட்டும்."

பைபாஸில் கார் வேகமெடுத்தது. எதிரே டேஷ்போர்டில் வைத்த பழத்தைத் தொட்டுக் கும்பிட்ட மேகலா, அதன் கீழிருந்த மூடியைத் தடவினாள். "இதுக்குள்ளதானே அந்தப் பலூன் இருக்கு?"

"ஆமா. எதுல மோதினாலும் தாங்கிடும். நீ பயப்படாம வா."

"இப்போதாவது சொல்லேன்," என்று கெஞ்சியது பழம்.

முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.