கட்டிய கைகள்

நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் சிறுமியின் கால் மறுவிலிருந்து எடுத்த துணுக்கு கிடக்கிறது. பழுப்புச் சாயம் ஒரு திட்டில் ஏறி அடுத்ததில் ஏறாமல் நிற்கிறது. இப்படி விட்டுவிட்டு ஏறினால் இது சும்மா இருக்கும் மறுவல்ல, அழன்று அரிக்கும் வகை. "சாயம் போட்டுப் பாக்கறதெல்லாம் கண்ணு தெரியாதவனுக்கு" என்று மாநாட்டில் கைதட்டல் வாங்கிய தோல் டாக்டர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். சாயம் அவர் புகழை மதிப்பதாக இல்லை. "மறு எங்கயாவது அரிக்குமாம்மா? சொறியறது வெறும் பழக்கம், கையைக் கட்டுங்க" என்று போன முறை சோதிக்காமலே அனுப்பியவர் அவர்தான். எதிரே தாயின் மடியில் சிறுமி, துணியுறை கட்டிய கைகளோடு, காலை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் எழுந்து வந்து, குனிந்து, உறையின் நாடாவை அவிழ்க்கப் பார்க்கிறார். முடிச்சு அசையவில்லை.

"எவ்வளவு அழுதாலும் நான் அவுக்கவே இல்ல டாக்டர்" என்கிறாள் தாய், பெருமையாக. "நீங்க சொன்னீங்களே!"