துவைக்காத சட்டை

"உவ்வே! பீரோ நிறைய நல்ல சட்டை இருக்க, செத்த எலி மாதிரி நாறுற இதுதான் கிடைச்சுதா?" மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"பேசாம வா. இன்னைக்கும் தோத்தா நம்ம குதிரையை வித்துத் தொலைக்கணும்," என்றார் முதலாளி குமட்டலோடு.

பந்தயத் திடலில் ஈக்கள்கூட யோசித்துத்தான் அவர்மேல் உட்கார்ந்தன. ஏழு தலைமுறைப் பூர்வீகம் பார்த்து வாங்கிய குதிரை, ஒரு மாதமாகப் புறப்படும் இடத்திலேயே முரண்டு பிடித்தது. இன்று அவர் அக்குளில் மூக்கை நுழைத்து ஆசைதீர முகர்ந்தது. அப்புறம் பறந்துபோய் முதலில் வந்தது.

முதலாளி அதே சட்டையோடு, நாற்றம் பொறுக்காமல் போன மாதம் தாம் விரட்டிய குதிரைக்காரன் வீட்டுக்கு ஓடினார்.

"லாயத்துல நீ விட்டுட்டுப் போன சட்டை இது. இனிமே என்னால போட முடியாது. குளிக்காம வேலைக்கு வந்துடுப்பா!"

சோப்பு மணக்க நின்ற குதிரைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"வர்றேன் முதலாளி. முதல்ல நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."