காலைப் பார்த்து ஆளைச் சொல்லவும்

ஒன்பது கேள்வி முடிந்து ஆளுக்கு நாலு பாயின்ட்டில் நின்றபோது, ஆபீஸ் டீம் ரோஹன் சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கேன்டீனில் ஏசி கிடையாது.

எதிர் மேசையில் தையல் செக்‌ஷன் ஷஹீன் பானு. ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, இன்னொரு கையில் ஸ்பூன். ஆபீஸுக்கு மேசை மணி, தையலுக்குத் தட்டு. முதலில் அடித்தவர் பதில் சொல்லலாம்.

கேள்வி கேட்கிறவன் நான். ரிட்டயர் ஆகிப் பதினொரு வருஷம். ஆனாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சினிமா, விளையாட்டு வினாடி வினா நடத்த ஆம்பூர் பூரா தேடினாலும் என்னை விட்டால் ஆள் இல்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். யாரும் சொல்லாத வருஷம் நானே சொல்லிக்கொள்வேன்.

பரிசு, கேன்டீன் டிவியின் ரிமோட். ஜெயித்த பக்கத்துக்கு ஒரு வருஷம் சொந்தம்.

நாலு வருஷமாக அது ஆபீஸிடம்தான். நாலு வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பங்குச் சந்தைதான். நாங்கள் ரசத்துக்கு வரும் நேரம் பார்த்துத்தான் சந்தை சரியும்.

இந்த வருஷம் ஷஹீன் பானுவுக்கு அந்த ரிமோட் வேண்டும். அவள் மகள் ரிஸ்வானா ஸ்டேட் கபடி டீமில் இருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை அரையிறுதி, மதியம் ஒரு மணிக்கு டிவியில். லீவு கேட்டாள், ஷிப்மென்ட் வாரம், கிடைக்கவில்லை. போன் கம்பெனி கேட்டிலேயே லாக்கருக்குப் போய்விடும். ரிமோட் வந்தால் மகளைப் பார்க்கலாம். வராவிட்டால் சந்தையைப் பார்க்கலாம்.

போட்டி நான் யோசித்ததுதான். முகத்தைக் காட்டினால் குழந்தைகூடப் பேர் சொல்லிவிடும். ஷூ கம்பெனியில் கேள்வி என்றால் முழங்காலுக்குக் கீழேதான் கேட்க வேண்டும். புரொஜெக்டரில் சுவர்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படம், ஒவ்வொன்றிலும் ஷூ போட்ட ஒரு ஜோடி கால். கூடவே வாயால் ஒரு துப்பு கொடுப்பேன்.

"இவர் மழையில் ஆடிய கதாநாயகன்."

ரோஹன் சார் மணியடித்து ஒரு பேர் சொன்னார். சரி என்றேன்.

"இவர் தொண்ணூற்றொன்பதில் அவுட் ஆகி, பேட்டையே பார்த்துக்கொண்டு போனவர்."

தட்டு அடித்தது. அதுவும் சரி.

ஆறாவது படத்துக்கு ரெண்டு பக்கமும் தப்பு. இது கூடவா தெரியாது என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன். ரெண்டு பக்கமும் தலை குனிந்தார்கள்.

தையல் டீமுக்கு ஒரே தொல்லை, அவர்கள் தொழில். படம் வந்ததும் ஷூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

"யாரு காலுன்னு பாருங்கடி, இஞ்சுக்கு எத்தினி தையல்னு எண்ணாதீங்க," என்று ஷஹீன் பானு அதட்டிக்கொண்டே இருந்தாள்.

பத்தாவது படம். பந்தின் மேல் ஏறி நிற்கும் ஃபுட்பால் ஷூ.

"இவர் கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றியவர்."

மணி உடனே அடித்தது. ரோஹன் சார் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் பேரை, அப்பா பேர், பிறந்த ஊரோடு சேர்த்துச் சொன்னார்.

நான் கண்ணை மூடி யோசித்தேன். "மன்னிக்கணும் சார். இல்லை."

"ஐயா, அவர் ஜெர்ஸியே என்கிட்ட இருக்கு."

"ஜெர்ஸி சரிதான் சார். கால்தான் வேற."

ஷஹீன் பானு தட்டை அடிக்கவில்லை. எழுந்து சுவர்வரைக்கும் நடந்து, படத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"முன்னாடி படத்தை ஒருக்கா காட்டுங்கண்ணே."

காட்டினேன்.

"அதுக்கும் முன்னாடி."

எனக்கு வேர்த்தது. ஏசி இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் காதில் ரெண்டு வரி சொன்னாள்.

"சரியான விடை," என்று மைக்கில் அறிவித்தேன். ரிமோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். கேன்டீன் சாம்பாருக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது.

ரிஸ்வானா ஒரு ரெய்டு போனாள். மூணு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். மூணு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து ஒரு விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். கேன்டீனில் இருந்த அத்தனை தட்டும் அடித்தது. ரோஹன் சார் டிபன் பாக்ஸ் மூடியால் அடித்தார். ஷஹீன் பானு மட்டும் எதையும் அடிக்கவில்லை. சோற்றில் வைத்த கை வைத்தபடி, வாயைத் திறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் இடத்தில் ரோஹன் சார் என்னைப் பிடித்தார். "ஐயா, அந்தப் பத்தாவது கால் யாருதுய்யா? நெட் முழுக்கத் தேடிட்டேன்."

"நெட்ல இருக்காது சார்," என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

முப்பத்தொரு வருஷம் சாம்பிள் செக்‌ஷனில் எனக்கு வேலை நடப்பதுதான். எந்த நாட்டு ஆர்டர் வந்தாலும் முதல் ஜோடியை எட்டாம் நம்பரில்தான் தைப்பார்கள். என் கால் எட்டாம் நம்பர். ஆபீஸ் ஷூ, ஆட்டக்காரன் ஷூ, எதுவானாலும் நான் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதே படமும் எடுத்து அனுப்புவார்கள். ஒரு பிரதி எனக்கு. வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

ஷஹீன் பானு அன்றைக்கு என் காதில் சொன்னது இதுதான்:

"பத்துப் படமும் உங்க காலுதாண்ணே, எல்லாத்துலயும் அதே சுண்டுவிரல் ஷூத் தோலைத் தள்ளிக்கினு நிக்குது. மைக்ல சொல்லட்டுமா, இல்ல ரிமோட்டைக் குடுக்கிறீங்களா?"