கூடுவாஞ்சேரி வரைக்கும்

“கிண்டி! கிண்டி வந்தாச்சு!”

ரயிலில் ஸ்பீக்கர் ஒழுங்காகத்தான் அறிவித்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று பொன்னியம்மாளும் கத்தினாள். வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் ஏறவேண்டியவள், மீன் கூடையோடு லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள்.

வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடுவாஞ்சேரி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து நாலு நாளாகிறது. நாலு நாளும் இதே மீன் வாடை, இதே தொண்டை.

“ஏம்மா, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? எதிர்ல அந்த நர்ஸ் பொண்ணு நைட் ட்யூட்டி முடிச்சுத் தூங்குது. நீங்க கத்தற ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து திறந்து மூடுது, பாவம்!”

பொன்னியம்மாள் அந்த நர்ஸை ஒருமுறை பார்த்தாள். கூடையைக் காலருகே இழுத்துக்கொண்டாள்.

பரங்கிமலை சத்தமில்லாமல் போனது. வெண்ணிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மீனம்பாக்கத்தில் அந்த நர்ஸ், ஜென்சி, துள்ளி எழுந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்வை.

“ஐயோ, ஹார்ட் அட்டாக்! செயினை இழுங்க!” வெண்ணிலா பதறி எழுந்தாள்.

பொன்னியம்மாள் வெண்ணிலாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “கம்முனு குந்து. ஹார்ட்டுக்கு ஒண்ணியும் இல்ல, டாக்டரு பாத்துட்டாரு. தூக்கம் புடிக்க சொல்லோ பயம் வந்து நெஞ்ச அடைக்கும் அதுக்கு. கொஞ்ச நேரத்துல பூடும்.”

“அதுக்குத்தான் கத்துனீங்களா?”

“ஸ்பீக்கரு சொன்னா பத்தாது. எங்க கீறோம்னு என் கொரலு காதுல வுழுந்தா, பக்கத்துல ஆளு கீதுனு மறுபடி கண்ண மூடிக்கும். மூணு மாசமா இப்டித்தான்.”

“அப்போ ஏதாவது சொல்லுங்களேன்!” வெண்ணிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இரு. இன்னிக்கு அதுவே பாத்துக்குதானு பாப்போம்.” சொன்னாளே தவிர, அவளும் சீட்டின் நுனிக்கு நகர்ந்துவிட்டாள்.

ஜென்சி பாதங்களைத் தரையில் ஊன்றினாள். வாய்வழியாக மெதுவாக மூச்சை விட்டாள். “வந்துட்டியா? சரி, இருந்துட்டுப் போ. உன்னை எனக்குத் தெரியும்” என்று முணுமுணுத்தாள், அழைக்காமல் வந்த சொந்தக்காரரிடம் பேசுவதுபோல.

பல்லாவரத்தில் பொன்னியம்மாள் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தாள். குரோம்பேட்டையில் ஜென்சியின் தோள்கள் தளர்ந்தன. தாம்பரத்தில் ஏறிய கூட்டத்தின் கூச்சலுக்குக்கூட அவள் கண் திறக்கவில்லை.

வண்டலூர் போனது. ஊரப்பாக்கம் போனது. யாரும் கத்தவில்லை. ஜென்சி லேசாகக் குறட்டை விட்டாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கூடுவாஞ்சேரியில் பொன்னியம்மாள் அவளைத் தட்டி எழுப்பினாள்.

“அக்கா, ஊரப்பாக்கம் எப்போ போச்சு? நீங்க சொல்லவே இல்லையே!”

“நீதான் கொறட்ட வுட்டுகினு கெடந்தியே!”

“நானா? நீங்க கூப்பிடாமலே தூங்கிட்டேனா?” ஜென்சி அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். “அம்மாகிட்ட சொல்லணும்க்கா!” என்று பிளாட்பாரத்தில் ஓடியே போனாள்.

வெண்ணிலா கூடையைத் தூக்கிவிட்டாள். “மன்னிச்சுக்கோங்கம்மா.”

பொன்னியம்மாள் சிரித்துவிட்டு, எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தாள்.

“ஏம்மா, அங்கே எங்கே போறீங்க? உங்க வியாபாரம் இங்கே இல்லையா?”

“பம்மல்லமா. பல்லாவரத்துல எறங்கணும். நாளைலேர்ந்து அங்கயே எறங்கிக்கலாம். மீனு லேட்டு லேட்டுனு மூணு மாசமா தெருவே என்ன திட்டிகினு கீது!”